கணக்கில் விழாத முதல் பருந்து

1

நேற்று மதியம் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டின் பின்வாசலில் குப்பைப் பையோடு நின்றிருந்தபோது இந்த வருடத்தின் முதல் பருந்து வந்தது. கள்ளப்பருந்து. வால் நுனியில் லேசான பிளவு. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, கடல் தாண்டி மலை தாண்டி வந்த அலுப்பு எதையும் காட்டிக்கொள்ளாமல், எங்கள் குப்பைத்தொட்டிக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு வடக்கே போயிற்று. நான் பையைக் கீழே வைத்து அண்ணாந்து பார்த்து, "லாபம்" என்றேன். வலது கை கட்டைவிரல் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

கட்டைவிரல் மடங்கியதையெல்லாம் ஒரு சேதி என்று ஊருக்கு எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். அந்த விரல் மடங்காததால் பிரெஞ்சு தேசத்தின் பருந்துக் கணக்கு மூன்று வருடம் தப்பாகப் போயிற்று. என் குடியுரிமையும் அதிலே போய் மாட்டிக்கொண்டது.

2

நான் புதுச்சேரியில் பாகூர்க் கொம்யூன்காரன். கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸைவிட்டு இறங்கி மேற்கே நடந்தால் எங்கள் ஊர். என் மனைவி ஜெசிந்தா வில்லியனூர்ப் பக்கம், மாதா கோயில் மணிச் சத்தம் கேட்டு எழுந்திருக்கிற பங்கு ஊர். அவள் அப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் அவள் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரி. எங்கள் மகள் கிளாராவும் அம்மா வழியில் பிரெஞ்சுக்காரி. வீட்டில் நான் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரர் அட்டை வைத்துக்கொண்டு, அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டு குடியிருக்கிற ஆள்.

தினசரி வாழ்க்கையில் இது ஒன்றும் உறுத்தாது. சோறு எல்லோருக்கும் ஒரே பானையில்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போதுதான் உறுத்தும். விமானத்தை விட்டு இறங்கியதும் அவர்கள் இருவரும் இடது பக்க வரிசை, நான் வலது பக்க வரிசை. இடது பக்கம் ஐந்து நிமிடம். வலது பக்கம் ஒன்றரை மணி நேரம். கிளாராவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அந்த இடத்தில் என் கையை விடமாட்டேன் என்று அழுதாள். பத்து வயதில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினாள். பதினாலு வயதில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அன்றைக்குத்தான், என்ன ஆனாலும் அடுத்த வரிசைக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுக்க ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. மற்றதுக்குத்தான் வருடங்கள் ஆயின. முதலில் மொழித் தேர்வு. இரண்டு முறை தோற்றேன். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்துச் சமையற்கட்டு என்பதால் என் பிரெஞ்சு முழுக்க "சூடு, பார்த்து", "இன்னும் கொஞ்சம்?", "மருந்து போட்டாச்சா?" என்கிற அளவிலேயே நின்றுவிட்டது. தேர்வில் ஒரு பெண்மணி என்னிடம் சுற்றுச்சூழலைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன். மூன்றாம் முறை எப்படித் தேறினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பிறகு ப்ரெபெக்தூர், அதாவது மாவட்ட ஆட்சி அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் என் காகிதக் கட்டை மூன்று தடவை புரட்டிவிட்டு, "ஊர் வாழ்க்கையில் கலந்திருப்பதற்குச் சான்று ஏதாவது இருந்தால் நேர்காணலுக்குக் கொண்டுவாருங்கள். சங்கம் எதிலாவது இருக்கிறீர்களா?" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறேன்" என்றேன் பெருமையாக.

"அது மதம். அதை இங்கே சொல்ல வேண்டாம்" என்றார்.

எங்கள் சின்ன ஊரில் சங்கங்கள் மூன்று. இரும்புக் குண்டு உருட்டுகிற சங்கம். அங்கே இரண்டு கட்சி, ஒன்றில் சேர்ந்தால் மற்றது அடிக்கும். பாட்டுக்குழு, என் குரலைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு கட்சி கிளம்பும். மூன்றாவது, வசந்தத்தில் மலைமுகட்டில் உட்கார்ந்து வடக்கே போகிற பருந்துகளை எண்ணுகிற சங்கம். உட்காரவும் அண்ணாந்து பார்க்கவும் எனக்குத் தெரியும். எண்ணத் தெரியும் என்றும் நினைத்திருந்தேன்.

3

ஊரில் அண்ணன் அந்தோணிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏன்டா, வேலைய வுட்டு நிறுத்திட்டானுங்களா?"

"இல்லண்ணே. சங்கத்துல சேந்துருக்கேன். ஞாயித்துக்கெழமயில மல மேல குந்திகினு பருந்து எண்ணணும்."

"எண்ணி?"

"எழுதணும்."

"எழுதி?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னாடா இது? பருந்து எண்றதுக்கா பிரான்சு போன? நம்ம பனித்திட்டு கடக்கரையில கருவாடு காயிற எடத்துல போய் நின்னா வேண்டிய மட்டும் எண்லாமேடா. டிக்கெட்டு காசாவது மிச்சம் ஆயிருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் பருந்தைக் கண்டால் நாங்கள் செய்த ஒரே காரியம், "ஹூய்" என்று கத்திக் கல்லெடுத்து வீசுவதுதான். தாய்க்கோழி றெக்கைக்கடியில் குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும். எங்கள் அம்மா முறத்தோடு ஓடிவருவாள். அதே பருந்துக்கு இங்கே தொப்பி போட்ட பெரியவர்கள் குளிரில் மூக்கு ஒழுக ஆறு மணி நேரம் காத்திருக்கிறார்கள். வந்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். மாப்பிள்ளை வீட்டார் கார் வந்து நின்றதுபோல.

சங்கத்துக்குத் தலைவி மதாம் மொனிக். முப்பது வருடம் இந்த மலைக் கிராமங்களில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை என்று அவரே சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். முதல் நாளே என் கையில் ஒரு சின்ன இரும்புக் குமிழைக் கொடுத்தார். கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று சத்தம் வந்து ஒரு எண் கூடும். எங்கள் வீட்டில் அதற்கு டிக்டிக் என்றே பெயர் வந்துவிட்டது.

வேலை எளிது. ஒற்றைப் பருந்து வந்தால் வாயால் சொல்லிவிடலாம். கூட்டமாக வந்தால் டிக்டிக். சூடான காற்றில் அவை கிறுகிறுவென்று சுற்றி மேலே ஏறும்போது எண்ணக் கூடாது. தலை சுற்றுவதுதான் மிச்சம். உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு போட்டதுபோல வடக்கே நீளும். அப்போது எண்ண வேண்டும். எண்ணியவர் எண்ணைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் தாளில் நேரம், பருந்தின் பெயர், எத்தனை, எண்ணியவர் பெயரின் முதலெழுத்து என்று ஒரு வரி எழுதுவார்.

மூன்று வசந்தம் எண்ணினேன். மழை வந்தாலும் போனேன்; மழையில் பருந்து பறக்காது என்று தெரிந்த பிறகும் போனேன். சான்றிதழ் ஞாபகத்தில்தான். ஆனாலும் மூன்றாம் வருடம் மதாம் மொனிக் ஒரு நாள், "கூட்டம் பெரியதாக வந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள். கை நிதானம்" என்று மற்றவர்களிடம் சொன்னார். பெரிய கூட்டங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. நானும் தேர் வடம் பிடிக்கிற ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணினேன். அந்தப் பருவம் முடிகிற கடைசி ஞாயிறு சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த வியாழன் நேர்காணல்.

4

கடைசிக்கு முந்தின ஞாயிறு கிளாரா கூட வந்தாள். ஆசைப்பட்டு வரவில்லை. பள்ளியில் ஏதோ பொதுத்தொண்டு செய்ததாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எழுத அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அப்போது அவளுக்குப் பதினேழு. என்னிடம் பேசுவது பிரெஞ்சில், அதுவும் ஆமாம், இல்லை, பிறகு. தமிழில் அவளிடம் மிச்சமிருந்தது "இன்னா", "சீ", "போப்பா". மூன்றும் என்னைக் குறித்தே புழங்கின.

பதினோரு மணிக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கூட்டம் ஏறிற்று. தேன்பருந்துகள். சுற்றிச் சுற்றி மேலே போய், ஒன்று கோட்டை ஆரம்பித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிக்டிக்கைத் தூக்கிப் பிடித்து எண்ணினேன். முடித்துவிட்டு, "முப்பத்தொன்று" என்றேன். மதாம் மொனிக் எழுதினார்.

கிளாரா காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள். என் பக்கம் குனிந்து, பிரெஞ்சில், மெதுவாக, "அப்பா, நீ முதல் பருந்துக்கு அமுக்கவே இல்லை" என்றாள்.

"அமுக்கினேன்."

"இல்லை. 'லாபம்' என்று சொன்னாய். அமுக்கவில்லை. 'ரெண்டு'க்குத்தான் அமுக்கினாய். மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பெரியப்பா நெல் அளந்தாரே, அந்த மாதிரி."

நான் டிக்டிக்கைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தேன்.

எங்கள் அப்பா பிறத்தியார் களத்தில் மரக்கால் போடுகிறவர். நெல் அளக்கும்போது யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் மரக்காலுக்கு "லாபம்" என்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு. வேதக்காரர் களமானாலும் இந்துக்கள் களமானாலும் அதுதான் வழக்கம். அப்பா அந்த முதல் மரக்காலைப் போடும்போது குரலை இழுத்து, கண்ணை மூடி, செபம் சொல்லுகிற மாதிரிதான் சொல்வார். அறுவடைக் காணிக்கைக்கு அண்ணன் நெல் அளந்தபோதும் அதே இழுப்பு. கிளாரா அப்போது வாசற்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றே நான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று நமக்கு எங்கே தெரிகிறது.

என் வாய் தமிழில்தான் எண்ணும். அது சரி, எல்லோரும் அவரவர் பாஷையில்தான் எண்ணுவார்கள். ஆனால் என் கட்டைவிரல் லாபத்தை ஒரு எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது ஆண்டவருக்குச் சொல்கிறது, நமக்கென்ன என்று சும்மா இருந்துவிட்டது. மூன்றைத் தாண்டினால் நான் வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஓட்டி, டிக்டிக் காட்டுகிற எண்ணைச் சொல்வேன். அதனால் வாய்க்கணக்கும் விரல்கணக்கும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும், மூன்று வசந்தமாக, முன்னால் பறந்த பருந்து கணக்கில் விழவில்லை. வழிகாட்டி வந்த பருந்தை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அடுத்த கூட்டம் வந்தபோது வயிற்றுவலி என்று சொல்லி டிக்டிக்கை வேறொருவரிடம் கொடுத்தேன். அதுவரை நான் சொன்ன பொய்களில் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

5

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவுவதை நிறுத்தவில்லை.

"எத்தினி கொறையுது?"

"கூட்டத்துக்கு ஒண்ணு."

"ஒரு பருந்து கொறஞ்சா இன்னாங்க, பிரான்சு கவுந்துடுமா?"

"அது இல்லடி. நம்பிக் குடுத்தாங்க."

"நம்பிக் குடுத்தாங்க இல்ல? அப்ப அந்த நம்பிக்கய ஏன் கெடுக்கறீங்க? கடுதாசிய வாங்கிகினு வந்து சேருங்க. பாஸ்போட்டு வந்தப்பறம் போய் நெஞ்சுல அடிச்சிகினு சொல்லுங்க, யாரு வேணான்னா."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விமான நிலையத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம் எனக்காகக் காத்திருந்தவள் அவள்தான். அவள் சொல்வதே புத்திசாலித்தனம் என்று நான் மனதார ஒப்புக்கொண்டேன். திங்கள் ஒப்புக்கொண்டேன், செவ்வாயும் ஒப்புக்கொண்டேன். கிளாரா மட்டும் சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. சோதனைச் சாவடியில் அதிகாரி நம் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாரே, அப்படி. அந்தப் பார்வையை ஒன்றரை மணி நேரம் தாங்கிப் பழகியவன் நான். வீட்டில் ஒரு வாரம் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அறைக் கதவைத் தட்டி, "ஞாயித்துக்கெழம வரியாம்மா?" என்றேன்.

"சொல்லப் போறியா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"நீ வந்தா சொல்லுவன்."

சான்றிதழ் போனாலும் போகிறது, அவள் கண்ணில் நான் வயிற்றுவலிக்காரனாகவே நின்றுவிடக் கூடாது என்று பயமாக இருந்தது. பயந்துதான் யோக்கியனானேன். அதை மறைப்பதில் பயனில்லை.

6

கடைசி ஞாயிறு மலையில் நல்ல வெயில். மதாம் மொனிக் பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது சொல்லிவிட்டேன். லாபம், மரக்கால், அப்பா, கட்டைவிரல் எல்லாம் என் சமையற்கட்டு பிரெஞ்சில். நான் திணறிய இடத்தில் கிளாரா எடுத்துக் கொடுத்தாள். நெல் அளப்பதை அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

மதாம் மொனிக் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். எனக்குக் காபி ஊற்றவில்லை. கடிதம் அவர் பைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். உறையின் ஓரம் வெளியே தெரிந்தது.

"எப்போதுமா?" என்றார்.

"எப்போதும்."

"ஒரு தடவைகூட அமுக்கியதில்லையா? சந்தேகம் இல்லையே?"

"விரலுக்கே தெரியாது, மதாம்."

அடுத்த கூட்டம் வந்ததும் என்னை எண்ணச் சொன்னார். அவரும் எண்ணினார், கிளாராவும் எண்ணினாள். அவர்களுக்கு இருபத்துமூன்று, எனக்கு இருபத்திரண்டு. இன்னொரு கூட்டம். அவர்களுக்குப் பதினாலு, எனக்குப் பதிமூன்று. மூன்றாவது கூட்டத்தில் நான் உஷாராகி, லாபத்துக்கு அழுத்தமாக அமுக்கினேன். அந்த வேகத்தில் மூன்றாவது பருந்து விட்டுப்போயிற்று.

"நிறுத்துங்கள்" என்றார் மதாம் மொனிக். கோபமாகத்தான் சொன்னார். "திருத்தாதீர்கள். இன்று சாயங்காலம் வரைக்கும் தப்பாகவே எண்ணுங்கள். பாதியில் சரியாகிவிட்டால் எது சரி எது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் சொன்னார். இந்த முகட்டில் எண்ணுகிற எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ஒருவர் பசித்தால் குறைப்பார், ஒருவர் குளிர்ந்தால் கூட்டுவார், அவரே கண்ணாடி மறந்து வந்த நாட்கள் உண்டு. அந்தத் தப்புகளை எடுக்க வழியில்லை. என் தப்பு ஒன்றுதான் ஒரே மாதிரி இருக்கிறது. என் எழுத்து உள்ள கூட்ட வரிகளில் எல்லாம் ஒன்று கூட்டினால் போதும்.

சாயங்காலம் அவர் வீட்டு அடுக்களை மேசையில் மூன்று வருடத் தாள்களையும் விரித்தோம். கிளாரா வரியை வாசித்தாள், நான் ஒன்று கூட்டிச் சொன்னேன், மதாம் மொனிக் சிவப்பு மையில் எழுதினார். நடுவில் கிளாரா, "இன்னாப்பா, இம்மாம் பருந்த முழுங்கிட்ட?" என்று தமிழில் சொன்னாள். 'இம்மாம்' என்கிற வார்த்தை அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் பெரியப்பனிடம் இருந்து அள்ளி வந்திருக்கிறாள். அண்ணன் அளந்த நெல்லோடு சேர்த்து.

எல்லாம் முடிந்த பிறகு மதாம் மொனிக் பையிலிருந்த உறையை எடுத்து, கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். கிளாரா என் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆறு வயதில் விமான நிலையத்தில் பிடித்த அந்தப் பிடியை நான் பதினோரு வருடம் கழித்து அடையாளம் கண்டுகொண்டேன்.

"இதில் எழுதியது உண்மையில்லை. கவனமாக எண்ணுகிறவர் என்று எழுதியிருந்தேன்" என்றார். வேறு தாளை எடுத்து, தபால்காரர்களுக்கே உரிய திருத்தமான எழுத்தில் புதிதாக எழுத ஆரம்பித்தார்.

7

நேர்காணலுக்காக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தவை: ஆறுகள் ஐந்து, குடியரசின் கொள்கைகள் மூன்று, கொடியின் நிறங்கள் இடமிருந்து வலம். அதிகாரி என் வயதுக்காரர். ஆறுகளைக் கேட்டார், நான்கு சொன்னேன். முதல் ஆற்றை விட்டுவிட்டேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

பிறகு மதாம் மொனிக்கின் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை படித்தார். வாய்விட்டும் படித்தார்: "இவர் மூன்று வசந்தமாக எங்களோடு எண்ணினார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பறவை குறைத்து எண்ணினார். இதை எங்களிடம் சொன்னவர் இவரே. அடுத்த வசந்தமும் இவர் வர வேண்டும் என்று விரும்புகிறோம்."

"யாருக்கும் தெரிந்திருக்காதே. ஏன் சொன்னீர்கள்?" என்றார்.

மூன்று கொள்கைகளும் நாக்கு நுனியில் நின்றன. அதில் ஒன்றை எடுத்துவிட்டிருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும். நான், "என் மகள் பார்த்துவிட்டாள்" என்றேன்.

"என்ன வயது?"

"பதினேழு."

"என் வீட்டில் இருப்பவளுக்குப் பதினாறு" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டு, தாளில் என்னவோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். நேராக இருந்தாலே எனக்கு அது படிக்க வராது.

8

குடியுரிமை வந்தது. உடனே வரவில்லை. "உங்கள் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது" என்று இரண்டு கடிதமும், ஏற்கெனவே கொடுத்த பிறப்புச் சான்றை மறுபடி கேட்டு ஒரு கடிதமும் வந்தபிறகு வந்தது. அதற்காக அண்ணன் பாகூருக்கு நான்கு தடவை நடந்தார். "பருந்து எண்ணியே பிரெஞ்சுக்காரன் ஆய்ட்டான் எந் தம்பி" என்று கிருமாம்பாக்கம் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லையாம்.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது நான் முதல்முறையாக இடது பக்க வரிசையில் நின்றேன். ஐந்து நிமிடம்தான். ஜெசிந்தா என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே வந்தாள். கிளாரா வரவில்லை. அவள் நான்கு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு நகரத்தில் படிக்கப் போய்விட்டாள், ஜனவரியில் பரீட்சை. யாரோடு நிற்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டேனோ அவள் இல்லாமல் அந்த வரிசை என்னை வெளியே விட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று யாருக்காவது கையாட்டலாமா என்று தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

அவள் போன் செய்வது அபூர்வம். எங்கள் செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் வரும். எல்லாவற்றுக்கும் அதே கட்டைவிரல். ஆனால் போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், நான் மலையிலிருந்து இறங்கி பூட்ஸைக் கழற்றுகிற நேரம் போன் அடித்தது.

"லாபத்துக்கு டிக் வெச்சியாப்பா?"

தமிழில். அவள் பெரியப்பன் குரல் எடுப்பு அப்படியே.

"ரெண்டு தடவ மறந்துட்டேம்மா" என்றேன். அன்றைக்கு அது உண்மை. அவள் பத்து நிமிடம் என்னைத் திட்டினாள். திட்டுகிற சாக்கில் என்ன சாப்பிட்டாள், யாரோடு அறையைப் பகிர்ந்திருக்கிறாள், ஜன்னலில் குளிர்க்காற்று வருவது எல்லாம் சொன்னாள். அடுத்த ஞாயிறும் போன் செய்தாள். அதற்கடுத்த ஞாயிறும். பருந்துகள் போய்ச் சேரும் வரைக்கும் ஒரு ஞாயிறு தவறவில்லை. பருவம் முடிந்ததும் பழையபடி கட்டைவிரல் படம்.

போன வசந்தத்தின் பாதியிலேயே என் விரல் சரியாகிவிட்டது. மதாம் மொனிக்கிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். என் வரிகளுக்குப் பக்கத்தில் இப்போது சிவப்பு மை இல்லை. பருந்துக் கணக்கு சுத்தம். அதில் இனிமேல் பொய் சொல்லமாட்டேன் என்று சத்தியமே செய்வேன்.

நேற்று முதல் பருந்தைப் பார்த்ததும் கிளாராவுக்குச் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் போன் அடித்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பா, டிக் வெச்சியா?"

கட்டைவிரலைப் பார்த்தேன். மதியம் அவ்வளவு அழகாக மடங்கிய விரல்.

"எங்க வெச்சேம்மா," என்றேன். "மறுபடியும் மறந்துட்டேன்."